மேட்டு வீடு, கரை வீடு

ஜூன் 3

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். நண்டு கம்பெனி மூடி வேலை போன பிறகு வீட்டில் பாக்கி இருந்த வேலை இது ஒன்றுதான்.

கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வால்பாறைக்கு மேலே சேம்பாறை எஸ்டேட்டிலிருந்து பொன்னுத்தாய். என் மாமனாருக்குப் பக்கத்து வீடு. யானை வந்து மாமா வீட்டு அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டதாம். அவருக்கு அடி இல்லையாம்.

"எழுபத்தாறு வயசு ஆளு, ஒத்தையில கெடக்காரு. யாருமில்லன்னு விட்ராத புள்ள. தனக்கோடி இருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்."

தனக்கோடி என் கணவர். போன நவம்பரில் துறைமுகத்தில் ஒரு படகின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. ஆகவே நான்தான் போக வேண்டும்.

மீன் குழம்பு மிச்சமிருந்தது. அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 5

நேற்று காலை புன்னைத்துறையில் ஏறியது. தூத்துக்குடி, மதுரை, பழனி, பொள்ளாச்சி. பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் மலை பஸ். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகையில் எண் போட்டிருக்கிறார்கள். முதல் சிலவற்றைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். ஊரில் புறப்படும்போது புழுதிக்காற்றும் வெயிலும். இங்கே இறங்கும்போது தாடை அடித்துக்கொள்கிற குளிர், சாய்ந்து பெய்கிற மழை. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறேன். இரண்டும் மே மாதம்.

மாமா வேலாண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் படபடத்தது.

"வா தாயி. மழையில வந்துட்டியா."

"யானை என்ன செஞ்சுச்சு மாமா?"

"அரிசிய தின்னுச்சு. போகட்டும். நீ மகன்கிட்ட குடுத்துவிட்டியே கல்லுப்பு, அந்த மூட்டையையும் நக்கிட்டுப் போயிருச்சு. உங்க ஊரு உப்பு அதுக்குப் புடிச்சுப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலில் அட்டை ஏறியிருந்தது.

மத்தியானம் பீல்டு ஆபீசர் ஜெகதீசன் வந்தார். மரியாதையான ஆள். எஸ்டேட் லைன் வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்றார். மாமா ரிட்டயராகி ரொம்ப நாளாகிவிட்டது. மாமியார் கொழுந்து எடுத்தவரை வீடு அவர் பெயரில் ஓடியது. அவரும் போய்ச் சேர்ந்தபின் சும்மா விட்டுவைத்திருந்தார்களாம். இனி முடியாது, ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

மாமாவைச் சம்மதிக்க வைக்க பஸ்ஸிலேயே பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். கடல் காற்று உடம்புக்கு நல்லது, ஆஸ்பத்திரி பக்கம், கரன்ட் போகாது, இப்படி. முதல் வரிதான் சொன்னேன். "மாமா, எங்கூட வந்துருங்க."

"எப்பப் போலாம்?" என்றார்.

ஜூன் 7

மாமாவோடு புன்னைத்துறை வந்து சேர்ந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு போர்வைச் சுருள், ஒரு குடை. அடிவாரம் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினார். பழனியில் சட்டையின் மேல் பொத்தான்கள். மதுரையில் துண்டால் விசிறிக்கொண்டார்.

மாமா கடலை இதற்குமுன் பார்த்ததில்லை. மகன் முப்பது வருடம் இதன் ஓரத்தில் இருந்தும் பார்த்ததில்லை. போன வருடம் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. உடம்பை வைத்திருக்க முடியாது என்று நாங்கள் எடுத்துவிட்டோம்.

வீட்டுக்குப் போகுமுன் கரையில் நின்றார்.

"இது எங்க போயி முடியுது?"

"சிலோன்ல, மாமா."

கொஞ்சம் யோசித்தார். "அங்கயும் தேயிலதான," என்றார்.

ஜூன் 8

மாமாவுக்கு முன்னறை. மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும். எனக்குத் தூக்கம் வழக்கம்போல். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

ஜூன் 14

வெயில் தாங்காமல் மாமா படுத்துவிடுவார் என்று நினைத்தேன். குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வைத்தேன். அவர் விடியுமுன் எழுந்து வெளியே போகிறார், வெயில் ஏறும்போது திரும்புகிறார். கடற்கரைக்குப் போவதாகச் சொல்கிறார். கடற்கரை மணல் வெள்ளை. அவர் வேட்டி முட்டியில் தேரிக்காட்டுச் செம்மண் ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை, எலுமிச்சம்பழம் தேய்த்தேன்.

ஜூன் 19

வள்ளக்காரர் சிலுவை அந்தோணிக்கும் மாமாவுக்கும் சிநேகம். வலை காயவைக்கும் இடத்தில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று மாமா ஒரு பையில் சாளை மீன் கொண்டுவந்தார், பிடித்தவர் மாதிரி.

"சுத்தம் பண்ணத் தெரியுமா மாமா?"

"சிலுவை காட்டிக் குடுத்தாரு."

என் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தார். செதில் எல்லாப் பக்கமும் பறந்தது. அவர் உள்ளே போனபின் கழுவிவிட்டேன்.

ஜூன் 24

மாட்டு விஷயம். மாமாவின் செவலைப் பசு சேம்பாறையில் பொன்னுத்தாய் பொறுப்பில் நிற்கிறது. யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டில் மிச்சமிருக்கும் சாமான்களையும் ஒதுக்க வேண்டும். மாமாவைப் போய்வரச் சொன்னேன்.

"எனக்கு மலை பஸ் ஒத்துக்காது தாயி. நீயே போயிட்டு வா."

அங்கேயே பிறந்தவர் மாதிரி அறுபத்தொன்பது வருடம் இருந்தவருக்கு மலை பஸ் ஒத்துக்கொள்ளாதாம்.

ஜூன் 27. சேம்பாறை

பசுவுக்கு நிறைமாதம். இப்போது கைமாற்றக் கூடாது, கன்று போடட்டும் என்கிறாள் பொன்னுத்தாய். ஐந்தாறு நாள் இருக்க வேண்டியிருக்கும். உடைந்த சுவருக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். மழை அதில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

ஜூன் 28

பகல் வெளிச்சம் முகத்தில் அடித்துத்தான் விழித்தேன். ஏழு மணி. எழுதிவைக்க வேண்டிய விஷயம் இல்லை.

ஜூலை 1

மாட்டுக்குப் புல் அறுக்கப் பொன்னுத்தாய் கூட்டிக்கொண்டு போனாள். காலில் மூக்குப்பொடியும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவிவிட்டாள், அட்டை ஏறவில்லை. தேயிலைச் செடிகள் இடுப்பளவு. நடுவே போகும் ஒற்றையடிப் பாதை எனக்குத் தெரியாது, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். மேட்டில் நின்று எதிரே கை காட்டினாள். மஞ்சு மூட்டம் விலகி ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"உன் புருசன் பள்ளிக்கோடத்துக்குப் போகாம இந்தப் பாறையிலதான் குந்தியிருப்பான். இங்கருந்து கீழ லாரி போறது தெரியும். சத்தத்த வச்சே என்ன வண்டின்னு சொல்லுவான்."

அவர் எனக்கு இதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். மலை என்று அவர் ஆரம்பித்தால் நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன்.

புல் கட்டு கனம். தலையில் ஈரம் வழிந்து கழுத்தில் இறங்கியது.

ஜூலை 4

மத்தியானம் பசு கன்று போட்டது. முன்னங்கால்கள் தெரிந்து நெடுநேரம் அப்படியே நின்றுவிட்டது. பொன்னுத்தாய் ஒரு காலையும் நான் ஒரு காலையும் சாக்குத்துணி சுற்றிப் பிடித்தோம்.

"அது முக்கும்போது இழு புள்ள. சும்மா இழுக்காத. மாட்டோட சேந்து இழு."

நண்டும் மீனும் தொட்ட கை. உயிருள்ள கன்று வேறு மாதிரி இருக்கிறது, சூடாக. கிடேரி. வந்ததும் தும்மியது. பொன்னுத்தாய் என்னைப் பார்த்து, "எதுக்கு அழுவுற?" என்றாள். மழையில் நின்றால் முகம் நனையத்தான் செய்யும்.

மாமாவுக்குப் போன் செய்தேன். "நல்லது தாயி. இங்க கடல் மோசமா இருக்கு, வள்ளம் யாரும் எறக்கல," என்றார். மாட்டைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 5

கன்று எழுந்து நிற்கிறது. இப்போது போனால் சரியாக இருக்காது. அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜூலை 16

ஜெகதீசன் வந்தார். கொழுந்து நிறுக்கும் பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டானாம். கொழுந்து எடுப்பவர்களில் பாதிப் பேர் ஜார்க்கண்டு ஆட்கள். எடை சரியில்லை என்று தினமும் தகராறு.

"நீங்க நண்டு கம்பெனியில எடை போட்டவங்கன்னு பொன்னுத்தாய் சொல்லுச்சு. ஊருக்குப் போற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

கன்றுக்காக இருக்கும் நாளில் சும்மா இருப்பானேன் என்று ஒத்துக்கொண்டேன். எடை எங்கேயும் எடைதான்.

ஜூலை 23

காலையும் மாலையும் நிறுவை. சுக்மணி என்ற ஜார்க்கண்டுப் பெண் தினமும் முதலில் வருகிறாள். அவள் தமிழும் என் இந்தியும் ஒரே தரம். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கழிக்கிறேன். இந்த வாரம் சண்டை இல்லை.

மேற்குப் பக்கத்து மலையில் காலையில் எந்த நிறத்தில் மஞ்சு நின்றால் மழை விட்டுத் தரும் என்று கொஞ்சம் பிடிபடுகிறது. சும்மா பார்ப்பதுதான்.

ஜூலை 30

அக்கா போனில் சத்தம் போட்டாள். "ஏட்டி, மாமனார இங்க விட்டுட்டு நீ அங்க என்னத்துக்குக் கெடக்க? ஊர்ல என்ன பேசுதாவன்னு தெரியுமா?"

கன்று சின்னது என்றேன்.

"கன்னுக்குட்டிக்கு நீயா பால் குடுக்க?"

ஆகஸ்ட் 9

சிலுவை போன் செய்தார். வள்ளத்தைக் கரையேற்றும்போது மாமா கை கொடுக்கப் போய் விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு முறிவு. கட்டுப் போட்டாயிற்று, பயமில்லை என்றார். எழுபத்தாறு வயது ஆளை வள்ளம் தள்ளவிட்டது யார் என்று கத்தினேன். ஜெகதீசனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 10. புன்னைத்துறை

மாமா முன்னறைக் கட்டிலில். முகம் கறுத்து, உடம்பு இறுகியிருக்கிறார். முன்னைவிட நன்றாக இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அடுக்களையில் மூன்று வீட்டுப் பாத்திரங்கள், எல்லாவற்றிலும் குழம்பு.

சிலுவை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயக்கம்.

"மன்னிச்சுக்கிடுங்க மைனி. அவரு தள்ள வரல. காலைல கல்லறத் தோட்டத்துல இருந்து திரும்புற வழிதான். நாங்க தள்ளுறதப் பாத்துட்டு ஓடி வந்துட்டாரு."

"எங்க இருந்து?"

"கல்லறத் தோட்டம். தெனமும் விடியக்காலம் அங்கதான மைனி இருப்பாரு. ஒங்களுக்குத் தெரியாதா?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வந்த மூணாம் நாளே எங்கிட்டக் கேட்டாரு, எம் மவன எங்க வச்சிருக்குன்னு. நீங்க கூட்டிட்டுப் போவியன்னு மொத நாள் பூரா பாத்தாராம். தனியா தேடிப் பாத்திருக்காரு. கல்லறச் சிலுவையில தோமாஸ்னு எழுதியிருக்குல்லா, அவருக்குக் கண்டுபுடிக்க முடியல."

கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியபோது வைத்த பெயர் தோமாஸ். அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை, நான் உட்பட.

சிலுவைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12

மாமாவுக்குச் சோறு பிசைந்து ஸ்பூனில் கொடுத்தேன். இடது கையால் சாப்பிட வரவில்லை.

அப்போதே சொல்லிவிடலாம் என்று சொன்னேன். எஸ்டேட்டில் எடை வேலையை நிரந்தரமாகத் தருவதாக ஜெகதீசன் சொல்கிறார். வேலை இருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அடுப்படிச் சுவரையும் கட்டித் தருவார்கள். நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா மென்று முடித்தார்.

"எனக்கு அந்த ஊரு வேணாம் தாயி."

"உங்க ஊருல்ல மாமா?"

"ஏழு வயசுல எங்கப்பன் லாரியில ஏத்திக் கொண்டுபோயி எறக்கிவிட்டான். யாரு எங்கிட்டக் கேட்டாங்க? அம்புட்டு வருசமும் குளிரு. எலும்புக்குள்ள குளிரு. அவ இருந்தா, அதுனால இருந்தேன். இங்க வந்துதான் கால் மரத்துப் போகாம தூங்குறேன்."

"அப்போ முன்னாடியே வந்திருக்கலாமே. அவுக எத்தனை தடவை கூப்பிட்டாக."

"அவன் கூப்பிட்டான்." தண்ணீர் கேட்டார். குடித்தார். "வீடு உன்னோடது. நீ ஒரு வார்த்த கூப்பிடட்டும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காத."

தட்டைக் கழுவினேன். ரசம் வைக்க மறந்திருந்தேன். ரசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 13

வெயில். துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 21

அக்காவும் அத்தானும் வந்தார்கள். நடுவீட்டில் பாய் போட்டு உட்கார்ந்து விசாரணை. நான் மலைக்குப் போய் வேலையில் சேர்வதாகவும், மாமா இந்த வீட்டில் இருப்பதாகவும் சொன்னேன்.

"ஒனக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? அவரு ஊருல நீயி, ஒன் ஊருல அவரா? ஒரு பொம்பள ஒத்தையில, யானை வார எடத்துல?"

"லைன்ல பன்னெண்டு வீடு இருக்குக்கா. யானை வந்தா மேட்டுல செவப்பு லைட் எரியும்."

"அப்ப இந்த வீடு? நம்ம அப்பா ஒனக்குக் கட்டிக் குடுத்த வீடு. வேத்தாளு இருக்கவா?"

மாமா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

"உக்காருங்க மாமா," என்றேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன். "இது வேத்தாளு இல்லக்கா. என் வீட்டுல என் மாமனார் இருக்காரு. அவரு வீட்டுல நான் இருக்கேன். இதுல ஊருக்கு என்ன?"

அக்கா அழுதாள். அத்தான் விசிறியை நிமிர்ந்து பார்த்து, எண்ணெய் விட வேண்டும் என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆகஸ்ட் 22

மாமாவிடம், "நீங்க ஒண்ணும் சொல்லலியே," என்றேன்.

"நீ அங்க எதுக்குப் போறன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நான் இங்க எதுக்கு இருக்கேன்னு உனக்கும் தெரியும். பெறகு என்ன பேச?"

மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.

செப்டம்பர் 2. சேம்பாறை

வேலையில் சேர்ந்தேன். மழை குறைந்திருக்கிறது. கன்று என்னை முட்டிவிட்டுப் பொன்னுத்தாயிடம் ஓடுகிறது.

செப்டம்பர் 20

சுவர் கட்டி முடித்தார்கள். எஸ்டேட் ஆட்கள் பச்சை வண்ணம் அடிப்பதாகச் சொன்னார்கள், வெள்ளை போதும் என்றேன். சுக்மணிக்கு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொடுத்தேன். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் கிண்ணத்தை நீட்டி இன்னும் இருக்கிறதா என்றாள்.

வேலை முடிந்து திரும்பும்போது அந்தப் பாறையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். கீழே லாரி ஒன்று வளைவு ஏறியது. என்ன வண்டி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 18

மாமா போன். அங்கே மழை பிடித்துவிட்டது. கிழக்கு ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். இங்கே கரன்ட் போனால் மெயின் பெட்டியைத் தொடாதே, எஸ்டேட் எலக்ட்ரீசியன் கணேசனைக் கூப்பிடு என்றார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். "கல்லறத் திருநாளுக்கு வர்றியா?" என்றார். பார்க்கலாம் என்றேன். நாளைக்கே லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 1. புன்னைத்துறை

பஸ் நிறுத்தத்தில் மாமா குடையோடு நின்றார். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வீட்டில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விளமீன் குழம்பு. உப்பு கொஞ்சம் கூட. என் சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன. சீனி எங்கே என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"எத்தன நாள் இருப்ப?"

"மூணு நாள் இருக்கத்தான் லீவு மாமா."

"அடுத்த தடவ கூட ரெண்டு நாள் போட்டு வா."

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலையிலேயே மழை விட்டுவிட்டது. நாலு மணிக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பியது. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. இருபக்கமும் முள் வேலி போட்ட பாதை, செம்மண், மழையில் குழைந்து செருப்பைப் பிடித்து இழுத்தது. மாமா முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

கல்லறையைச் சுற்றிப் புல் இல்லை. சின்னச் சின்னக் கற்களாகப் பொறுக்கி வரப்பு கட்டியிருந்தார், தேயிலை மேட்டில் மண் சரியாமல் கட்டுவதுபோல. சிலுவையில் தோமாஸ் என்ற எழுத்துக்குக் கீழே, வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்டில் இன்னும் இரண்டு சொற்கள். தனக்கோடி. சேம்பாறை. சிலுவை அந்தோணியின் கையெழுத்து, கோணலாக.

"பங்குச் சாமியார் என்ன சொன்னாரு?"

"பாத்துட்டு ஒண்ணும் சொல்லல."

மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. இரண்டு தடவை அணைந்தது. மாமா துண்டை விரித்துப் பிடித்தார். பிறகு குனிந்து, பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ஆளிடம் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"இந்தாடா, உம் பொஞ்சாதி வந்திருக்கா. உன் வீட்ல இருந்துதான் வாரா."

துண்டை என் கையில் கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் சொன்னதெல்லாம் எழுத வேண்டியதில்லை. பாறையைப் பற்றிச் சொன்னேன். லாரிகளைப் பற்றிக் கேட்டேன். சுற்றிலும் ஆட்கள் கலைந்து போனார்கள். மெழுகுவத்தி அடிவரை எரிந்து செம்மண்ணில் தட்டையாகப் படிந்தது. அதன்பிறகுதான் எழுந்தேன். முட்டியில் மண். மாமா பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் போட்டாத்தான் போகும்," என்றார்.

நவம்பர் 5. சேம்பாறை

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். மாமாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இங்கே நல்ல வெயில்.